ரங்கம்மாவின் மூன்றாவது தடவை

மைதிலி தொலைபேசியில் கேட்ட தோரணையே எனக்குப் பிடிக்கவில்லை. “அக்கா, நீங்கள் அங்க எப்பிடி வேலை செய்தனீங்கள் எண்டு ஒரு ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ. புதுசா வாற ஆக்களுக்குக் குடுக்கோணும்” என்றாள். ஏதோ பருத்தித்துறை வடைக்கு மாவும் உழுந்தும் எவ்வளவு என்று கேட்பது மாதிரி.

நான் வேலையிலிருந்து இளைப்பாறியபின் என் கதிரையில் இருப்பவள் அவள். இங்கே ஜேர்மனியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. கெட்டிக்காரி, ஆனால் எல்லாவற்றுக்கும் அவசரம். நாங்கள் நடத்திய நிலையத்தை இப்போது கல்லூரியின் பொதுச் சேவைப் பிரிவோடு சேர்க்கிறார்களாம். இனி மாணவர்கள் இணையத்தில் டெர்மின் எடுத்து, நேரம் குறித்துக்கொண்டுதான் வரவேண்டும், ஒரு ஆளுக்கு இருபது நிமிடம் என்றாள். “இருபது நிமிசமோ? எங்கட பிள்ளையள் வாய் திறக்கவே அதைவிடக் கூட நேரம் எடுக்குமடி” என்றேன். “அதைத்தான் எழுதித் தாங்கோ எண்டு கேக்கிறன்” என்று மடக்கிவிட்டாள். அதனால் எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் நிற்காது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து சின்ன ரயிலில் போகிற தூரத்தில் இருக்கிறது அந்தக் கல்லூரி. பெயர் வேண்டாம். தண்ணீரையும் காட்டையும் பற்றிப் படிக்க, உலகத்தின் பல மூலைகளில் இருந்தும் ஆதிக்குடிப் பிள்ளைகள் புலமைப்பரிசிலில் அங்கே வருவார்கள். சிலி நாட்டு மாப்புச்சே, நோர்வேயின் வட கோடியிலிருந்து சாமி என்ற இனத்தவர், இந்திய மலைகளிலிருந்து பழங்குடிப் பிள்ளைகள். அவர்களுக்குத் துணையாக இருக்கத்தான் எங்கள் நிலையம். நிலையம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நிலக்கீழ்த் தளத்தில் இரண்டு அறை, தேநீருக்கு ஒரு கேத்தில், நாங்கள் இரண்டு பேர்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சண்டைக்குத் தப்பி வந்தவர்களில் நானும் ஒருத்தி. ஹோட்டல் சலவை அறையில் படுக்கை விரிப்பு மடித்தேன். பிள்ளைகள் வளர்ந்தபின் அலுவலக வேலைக்கான அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி படித்தேன். பக்கத்து மேசையில் எல்லாம் என் மகன் வயதுப் பொடியள். கணக்கில் தப்பினேன், கடிதம் எழுதுவதில் அழுதேன், எப்படியோ தேறினேன். அவ்வளவுதான்.

நேர்முகத்தில் என்னை விசாரித்தவர் நிலையத்தின் பொறுப்பாளர், கெஸ்லர் அம்மா. நெட்டையான மனுஷி. மலை ஏறுகிற சப்பாத்தோடுதான் வேலைக்கே வருவார். என் சான்றிதழ்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “பேசாமல் இருக்கத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “தெரியாது” என்றேன். ஐயோ, வேலை போச்சு என்று நான் பையைத் தூக்க, அவர் சிரித்தார். “பரவாயில்லை. உண்மை பேசுகிறவர் போதும். மற்றதைப் பழகலாம்” என்றார். கடைசி நாள் வரை எங்களுக்குள் ‘நீங்கள்’தான். ஒருமைக்கு அவர் இறங்கவும் இல்லை, நான் விடவும் இல்லை. ஆனால் என் சொந்த அக்காவிடம் எனக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததில்லை.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன், மைதிலி, இதைக் கவனமாக வாசி. அவருடைய அறையில் மேசை சுவரோரம் தள்ளிக் கிடக்கும். இரண்டு கதிரைகள் பக்கம் பக்கமாக, ஜன்னலைப் பார்த்தபடி இருக்கும். வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் ஒரு பிள்ளை வந்தால் இரண்டு பேரும் அந்தச் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். முகத்துக்கு நேரே பார்த்தால் அது விசாரணை என்பார் கெஸ்லர் அம்மா. ‘என்ன பிரச்சினை’ என்று ஒருபோதும் கேட்கமாட்டார். ஒரு அப்பிளை எடுத்து மடக்குக் கத்தியால் வெட்டி ஒரு துண்டை நீட்டுவார். பிள்ளை பேசும்போது ஒரு எழுத்தும் எழுதமாட்டார். பேசி முடிந்த பிறகு, “இதில் எதை நான் எழுதி வைக்கலாம்?” என்று அந்தப் பிள்ளையிடமே கேட்பார். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்.

நான் மொழிபெயர்க்க நேர்ந்தால் எனக்கு இரண்டு கட்டளை. சுருக்கக்கூடாது, அழகாக்கவும் கூடாது. பிள்ளை மூக்கை உறிஞ்சினால் அதையும் சொல்ல வேண்டும் போல இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: பிள்ளை கேட்காமல் பிள்ளைக்காக எங்கும் போய்ப் பேசக்கூடாது. “அவர்களுக்கு முன்னால் அல்ல, அவர்களுக்குப் பக்கத்தில்” என்பார். இந்தச் சட்டத்தால் எனக்கு எத்தனை நாள் வயிறு எரிந்திருக்கும் தெரியுமா? நான் போய் இரண்டு வார்த்தை சத்தமாகப் பேசினால் முடிகிற காரியத்துக்கு, ஒரு கூச்சப் பிள்ளை தட்டுத் தடுமாறிப் பேசும்வரை நாங்கள் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

அவருக்குப் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு முறை கல்லூரியின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு பெடியன் வந்தான். கையேட்டுக்குப் படம் வேண்டுமாம், எங்கள் பிள்ளைகள் எல்லோரும் பாரம்பரிய உடையில் வரவேண்டுமாம். கெஸ்லர் அம்மா மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நல்ல யோசனை. கல்லூரித் தலைவர் நடுவில் நிற்கட்டும். எங்கள் கறுப்புக்காட்டுப் பெண்கள் பரம்பரையாகப் போடுகிற சிவப்புக் குஞ்சத் தொப்பி அவருக்கு எடுப்பாக இருக்கும்” என்றார். சாமிப் பிள்ளை ஒருத்தி சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கால் வந்துவிட்டது. அந்தப் பெடியன் பிறகு எங்கள் படிக்கட்டுப் பக்கமே தலை காட்டவில்லை.

இப்போது ரங்கம்மாவுக்கு வருகிறேன். என் வேலைக்காலம் முழுவதிலும் என்னை உலுக்கியது அவளுடைய விஷயம்தான்.

கோத்தகிரிக்குக் கீழே மலைச் சரிவில் ஒரு இருளர் ஊர் அவளுடையது. நீர் முகாமைத்துவத்தில் மேற்படிப்புக்கு வந்தாள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் மூர்த்தி என்று இருந்ததால் கல்லூரி முழுக்க அவளை ‘ஃப்ராவ் மூர்த்தி’, அதாவது மூர்த்தி அம்மா, என்றது. “யாராச்சும் அப்படிக் கூப்பிட்டா அப்பா வந்துட்டாரோன்னு திரும்பிப் பாக்குறேன் ஆன்ட்டி” என்றாள் முதல் நாளே.

“பிள்ளை, என்னை ஆன்ட்டி எண்டு கூப்பிட்டால் உமக்குத் தேத்தண்ணி இல்லை. யோகாக்கா எண்டு சொல்லும்.”

“சரிங்க ஆன்ட்டி” என்றாள். தேநீர் குடுக்கத்தான் வேண்டியிருந்தது.

எழுத்துப் பரீட்சைகளில் அவளை அடிக்க ஆளில்லை. ஆனால் கட்டாயப் பாடம் ஒன்றுக்கு வாய்மொழிப் பரீட்சை. இரண்டு மூன்று பேரைச் சேர்த்து இருத்திப் பேராசிரியர் கேள்வி கேட்பார். அதில் அவள் ஒரு தடவை தவறினாள், மறுபடியும் தவறினாள். இங்கே படித்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும். மூன்றாவது தடவையும் தவறினால் அந்தப் படிப்பு அத்தோடு சரி. பதிவிலிருந்து நீக்கிவிடுவார்கள். புலமைப்பரிசில் நிற்கும், விசா நிற்கும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த மலையிலிருந்து கடல் கடந்து படிக்க வந்த முதல் பிள்ளை அவள்.

கெஸ்லர் அம்மா அவளை ஜன்னல் கதிரையில் இருத்தி, அப்பிள் துண்டை நீட்டினார். மனதில் உள்ளதைப் பிள்ளை தமிழிலேயே சொல்லட்டும் என்று, மொழிபெயர்க்க நான் பின்னால் ஒரு முக்காலியில். அப்பிள் முடிந்து அடுத்த அப்பிளும் முடியப் போகிறது, அவள் வாயே திறக்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. “உமக்குப் பதில் தெரியாதோ, அல்லது ஜேர்மன் வராதோ?” என்று தமிழில் கேட்டுவிட்டேன். கெஸ்லர் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

“தெரியும்ங்க” என்றாள் ரங்கம்மா, சைக்கிள்களைப் பார்த்தபடி. “புரொஃபசர் ஆல்ஃபபெட் ஆர்டர்ல கேப்பாரு. பக்கத்துல இருக்கிற டோபியாஸோட குடும்பப் பேரு பவர், பி-ல ஆரம்பிக்குது, எனக்கு எம். அவன்கிட்டதான் முதல்ல கேப்பாரு. அவனுக்குத் தெரியலைன்னா என் பக்கம் திரும்பி, உங்களுக்குத் தெரியுமான்னு கேப்பாரு. அப்போ வாய் தானா ‘தெரியாது’ன்னு சொல்லிடுது.”

“ஏன் பிள்ளை?”

“எங்க ஊர்ல இருந்து ஹாஸ்டல் ஸ்கூலுக்கு நானும் செல்வியும் இன்னும் ரெண்டு பேரும் போனோம். மத்தவங்கல்லாம் டவுன் பிள்ளைங்க. சார் கேள்வி கேப்பாரு. தெரியலைன்னா அடுத்த ஆளு. யாரு பதில் சொல்றாங்களோ, அவங்க சொல்லாதவங்க தலையில எல்லாம் குட்டணும். மெதுவா குட்டினா சார் நம்ம தலையில குட்டுவாரு. ஒரு நாள் நான் பதில் சொல்லிட்டேன். செல்விய குட்டச் சொன்னாரு. குட்டினேன், பலமா. அவ அழவே இல்ல. அப்புறம் என் கையப் பிடிச்சு, இங்க தொட்டுப் பாரு, வீங்கியிருக்கான்னு கேட்டா. வீங்கித்தான் இருந்துச்சு.”

நான் மொழிபெயர்த்தேன், சுருக்காமல்.

“அன்னைக்கே எங்க ஊர்ப் பிள்ளைங்க பேசி வெச்சுக்கிட்டோம். நம்மள்ல ஒருத்தருக்குத் தெரியாத கேள்வி மத்தவங்களுக்கும் தெரியாது. மொத்தமா டவுன் பிள்ளைங்க கையால குட்டு வாங்குவோம். காட்டு மண்டைங்களுக்கு ஒண்ணும் ஏறாதுன்னு சார் சொல்லுவாரு. சொல்லட்டும்னு விட்டுட்டோம். பத்தாவது வரைக்கும் அப்படித்தான்.”

‘குட்டு’ என்பதற்கு எனக்கு ஜேர்மனில் சொல் கிடைக்கவில்லை. விரலை மடக்கி என் தலையில் நானே குட்டிக் காட்டினேன். யாழ்ப்பாணத்தில் எனக்கும் அது பழக்கமான சாமான்தான். கெஸ்லர் அம்மா விரலை அதேபோல மடக்கித் தன் தலையில் ஒன்று போட்டுக்கொண்டார். மெதுவாக அல்ல. சத்தம் எனக்குக் கேட்டது.

நான் விடுவேனா? “பேராசிரியருக்கு இப்பவே போன் பண்ணுவோம். இவளைத் தனியாக வைத்துக் கேட்கச் சொல்லுவோம்” என்றேன். ரங்கம்மாவிடமே கேட்கும்படி கெஸ்லர் அம்மா எனக்குச் சொன்னார். கேட்டேன். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

“வேணாங்க. எனக்குன்னு தனியா வெச்சா, அந்த பேஸ்மென்ட் ரூம் ஆளுங்களுக்குச் சலுகைன்னு பேசுவாங்க. அடுத்து வர்ற பிள்ளைங்களுக்கும் அதே பேர்தான். அதுவும் ஒரு குட்டுதானே.”

கெஸ்லர் அம்மா அதைக் கேட்டு, “சரி, அப்படியானால் பேசமாட்டோம்” என்றார். அவ்வளவுதான். அவள் போனபின் நான் வெடித்தேன். “உங்கட சட்டத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுங்கோ! பிள்ளையின் வாழ்க்கை போகப் போகுது!” என்று ஜேர்மனில் கத்தினேன். கோபம் வந்தால் என் ஜேர்மன் நன்றாக இருக்கும்.

“அவள் எதை இழக்கக்கூடும் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்” என்றார் அவர். சொல்லிக்கொண்டே மடக்குக் கத்தியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அப்போதுதான் அவருக்கும் பயம் என்று எனக்கு விளங்கியது. பயத்தோடும் அந்தப் பிள்ளையின் சொல்லைக் காப்பாற்றினார் பாருங்கள், அதற்குத்தான் நான் அவரைக் கும்பிடுகிறேன்.

மறுநாள் ரங்கம்மாவை மறுபடி ஜன்னலருகே இருத்தி ஒரு கேள்வி மட்டும் கேட்டார். “தெரியாது என்று நீ சொல்வது பொய். அந்தப் பொய்யைச் சொல்லாமல், யாரையும் குட்டாமல், வேறு என்ன சொல்லலாம்?” ரங்கம்மா யோசித்தாள். எனக்கு இரண்டு மூன்று பதில் நாக்கு நுனியில் நின்றன. கெஸ்லர் அம்மா என் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தி என்னை அடக்கினார். பிள்ளை யோசித்தபடியே எழுந்து போய்விட்டாள்.

சில நாள் கழித்து, படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தாள். மூச்சு வாங்க, தானே கட்டிய ஒரு வசனத்தை ஜேர்மனில் சொன்னாள்: “எனக்குத் தெரியும். ஆனால் அது அவருடைய கேள்வி. அவருக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். எனக்கு என்னுடைய கேள்வியைக் கேளுங்கள்.”

கெஸ்லர் அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

அதன்பிறகு ஒத்திகை. கெஸ்லர் அம்மா பேராசிரியர், நான் டோபியாஸ். எனக்கு முழிக்கவா சொல்லித்தர வேணும்? பாடத்தில் ஒரு சொல்லும் விளங்காத எனக்கு அந்த வேஷம் அச்சாவாகப் பொருந்தியது. “ஃப்ராவ் மூர்த்தி, உங்களுக்குத் தெரியுமா?” என்று கெஸ்லர் அம்மா திரும்புவார். ரங்கம்மா என் முகத்தைப் பார்ப்பாள். பார்த்ததும், “தெரியாது” என்பாள். “ஐயோ பிள்ளை, என்ர மூஞ்சையப் பாராதையும்!” என்று நான் கத்துவேன். “நீங்க அவ்வளவு பாவமா முழிக்காதீங்க ஆன்ட்டி” என்பாள் அவள். சிரிப்போம், மறுபடி தொடங்குவோம். தனியாகச் சொன்னால் வசனம் வழுக்கிக்கொண்டு வரும். யாரோ தோற்று நிற்கும்போது மட்டும் அது தொண்டையில் நின்றுவிடும். கடைசி ஒத்திகையிலும் ‘தெரியாது’ என்றுதான் வந்தது.

பரீட்சை அன்று நாங்கள் இருவரும் தாழ்வாரத்தில் கிடந்த நீளமான மர வாங்கில் இருந்தோம். உள்ளே போகிற வரையில் பேராசிரியரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. நான் எங்கட சனம் இங்கே கட்டிய ஊன்ட்றொப் கோயில் அம்மாளுக்கு நேர்த்தி வைத்தேன். கெஸ்லர் அம்மா ஒரு அப்பிளை வெட்டத் தொடங்கி, வெட்டி முடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

உள்ளே நடந்ததை டோபியாஸ்தான் பிறகு சொன்னான். செம்பட்டைத் தலைப் பெடியன், அவனுக்கும் அது மூன்றாவது தடவை. ஓயாமல் நீர் இறைத்தால் கிணற்றைச் சுற்றி நிலத்தடி நீர் எப்படித் தாழும் என்று முதல் கேள்வி. அவனுக்குத் தலை வெறுமையாகிவிட்டது. பேராசிரியர் வழக்கம்போலத் திரும்பி, “ஃப்ராவ் மூர்த்தி, உங்களுக்குத் தெரியுமா?” என்றிருக்கிறார்.

அவள் டோபியாஸின் முகத்தைப் பார்த்தாளாம். வெகுநேரம் பார்த்தாளாம். பேராசிரியர் தாளில் எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். அப்போது அவள், “எனக்குத் தெரியும்” என்றிருக்கிறாள். குரல் வெளியே வரவில்லை. மறுபடி, பலமாக, “எனக்குத் தெரியும். ஆனால் அது அவருடைய கேள்வி. அவருக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்” என்றிருக்கிறாள்.

குறிப்பெடுக்கப் பக்கத்தில் இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாராம். பேராசிரியர் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “சரி, ஹெர் பவர், யோசியுங்கள். அவசரமில்லை” என்று சொல்லிக் கதிரையில் சாய்ந்துகொண்டார். அவன் யோசித்தான். பாதிப் பதில் வந்தது, பிறகு மீதியும் வந்தது. அடுத்து ரங்கம்மாவுக்கு அவளுடைய கேள்வியைக் கேட்டார். அவள் தொடங்கினவள் நிறுத்தவே இல்லையாம். போதும், போதும் என்று அவர்தான் கையெடுத்துத் தடுத்தாராம்.

இரண்டு பேரும் தேறினார்கள். டோபியாஸ் தாழ்வாரத்தில் கெஸ்லர் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதான். இதற்கு முன் அவரோடு பேசியும் இராதவன். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம். ரங்கம்மா மட்டும் அழாமல், சிரிக்காமல், சுவரோரம் நின்று போனை எடுத்தாள். ஊரில் சாயங்காலம், செல்வி தேயிலைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் காற்றுச் சத்தம் இரைந்தது.

“செல்வி, இன்னைக்குத் தெரியும்னு சொன்னேன்டி. ஆனா பதில் சொல்லல. இன்னொருத்தனுக்குத் தெரியல, அதனால சொல்லமாட்டேன்னு வாத்தியார்கிட்டயே சொல்லிட்டேன்.”

“அடிச்சாங்களா?” என்று கேட்டாள் செல்வி.

“இல்லடி” என்றாள் ரங்கம்மா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. “அவன் சொல்ற வரைக்கும் காத்திருந்தாங்க.”

செல்வி என்ன கேட்டாள் என்று கெஸ்லர் அம்மா என்னிடம் கேட்டார். சுருக்காமல், அழகாக்காமல், அந்த ஒரு சொல்லை அவருக்கு ஜேர்மனில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வாங்கில் அப்படியே இருந்துவிட்டார்.